எம்.எஸ்.டபிள்யூ. சேரும் முன்பே பணத்துக்கு வழி பார்த்துவிடுங்கள்

எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுகலைப் படிப்புக்கு உதவித்தொகை ஏதாவது இருக்கிறதா என்று என்னிடம் கேட்கிற பிள்ளைகள் பெரும்பாலும் ஆகஸ்ட் மாதத்தில்தான் கேட்கிறார்கள். அட்மிஷன் போட்டு, வட்டிக்கு வாங்கியோ எருமையை விற்றோ முதல் தவணையைக் கட்டிய பிறகு. அதற்குள் பாதி வழி அடைபட்டிருக்கும். எந்தக் கல்லூரி, அங்கே எந்தப் பிரிவு, எந்த ஒதுக்கீடு என்பதை வைத்துத்தான் பின்னால் எந்த உதவி கிடைக்கும், எது கிடைக்காது என்பது முடிவாகிறது. ஆகவே இதை மாரியம்மன் நோம்பி சமயத்தில், பட்டப்படிப்பின் கடைசி செமஸ்டரில் இருக்கும்போதே படித்துவிடுங்கள்.

நான் அந்தியூர்ப் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டியவர். கோவையில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு இப்போது ஈரோடு மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். கல்லூரிகளில் இருந்து களப்பணிக்கு வரும் மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் என்னுடையது. நல்ல கைராசியான பிள்ளைகள், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் பாட்டிமார்களே மனசைத் திறந்து பேசுகிற மாதிரியான பிள்ளைகள், மூன்றாவது செமஸ்டரில் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். விசாரித்தால் காரணம் பணமாக இருக்கும். இந்த வேலைக்கு வர வேண்டியவர்களே அவர்கள்தான் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சீட்டு எந்த வகை என்று கேளுங்கள்

"இது எய்டடு காலேஜுங்க்கா" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். கல்லூரி அரசு உதவி பெறுவதாக இருக்கலாம். அதே வளாகத்துக்குள் எம்.எஸ்.டபிள்யூ. சுயநிதிப் பிரிவில் நடந்துகொண்டிருக்கலாம். சில இடங்களில் ஒரே படிப்பே இரண்டு பிரிவிலும் உண்டு. காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் இன்னொன்று. கட்டணம் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். அதனால் விண்ணப்பம் வாங்கப் போகும்போதே ஆபீஸ் ஜன்னலில் கேட்க வேண்டிய கேள்வி: "இந்த எம்.எஸ்.டபிள்யூ. எய்டடுங்களா, செல்ஃப் ஃபைனான்ஸுங்களா?" வாயால் சொன்னால் போதாது. கட்டண விவரத்தைக் கல்லூரி முத்திரையோடு ஒரு தாளில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாள் பின்னால் வங்கிக்கும் வேண்டும், அறக்கட்டளைகளுக்கும் வேண்டும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு தரும் முதுகலை உதவித்தொகை அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கானது. நம் பக்கத்தில் பாதிக்கு மேல் பிள்ளைகள் இந்தச் சாதிச் சான்றிதழ்களோடுதான் வருகிறார்கள். சுயநிதிப் பிரிவில் சேர்ந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது இதற்கான வரம்பு.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்வதாக இருந்தால் இன்னும் யோசியுங்கள். மத்திய அரசின் பி.எம். வித்யாலட்சுமி கல்விக்கடன் அந்தச் சீட்டுக்குக் கிடையாது. மற்ற உதவிகளிலும் சிக்கல் வரும். "கோட்டாவுல சேர்ந்துக்கோ, ஸ்காலர்ஷிப் பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் எந்த ஸ்காலர்ஷிப், எந்த அரசாணை என்று அங்கேயே கேளுங்கள்.

கோவையிலேயே முடித்துவிட வேண்டும் என்று நினைக்காதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திலும், 1936-இல் தொடங்கிய மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்திலும் சி.யூ.இ.டி. பி.ஜி. என்கிற தேசிய அளவிலான முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்கிறார்கள். தேர்வு மார்ச் வாக்கில் நடக்கும். விண்ணப்பம் டிசம்பர், ஜனவரியிலேயே வந்துவிடும். அதனால் கடைசி வருடத் தீபாவளி முடிந்ததும் இதைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்க வேண்டும். வெளிமாநிலத்தில் படித்தாலும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகையைத் தருவது சொந்த மாநிலம்தான். மும்பையில் படிக்கிற நம் பெண் தமிழ்நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

எதற்கு ஓட வேண்டாம்

சிலவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், வீண் அலைச்சல் மிச்சமாகும். முதல் பட்டதாரி சான்றிதழ் இளங்கலைத் தொழிற்படிப்புகளின் கட்டணச் சலுகைக்கானது. எம்.எஸ்.டபிள்யூ.வுக்குச் செல்லாது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் நம் கோவையிலேயே தொடங்கிவைத்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் இளங்கலையோடு முடிகின்றன. கல்லூரியில் மூன்று வருடம் அந்த ஆயிரம் ரூபாயை நம்பிப் பழகிய பிள்ளைகளுக்கு முதுகலையில் அது நின்றுவிடுவது பெரிய இடி. முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த இடத்தை வேறு ஒன்றால் நிரப்பலாம்.

எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் வருமான வரம்பு 2.5 லட்சம்தான். சுயநிதிக் கல்லூரியில் படித்தாலும் அரசு நிர்ணயித்த கட்டணம் வரை கிடைக்கும். கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கும் மாநில அரசு தன் செலவில் தருகிறது. கல்லூரியில் சேர்ந்ததும் யு.எம்.ஐ.எஸ். எண் என்று அரசின் கல்லூரி மாணவர் பதிவு எண் ஒன்று இருக்கும். இளங்கலையிலேயே உங்களுக்கு அது வந்திருக்கும். அதைப் பழைய கல்லூரியில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் அந்த எண்ணை வைத்துத்தான் நகர்கிறது.

ஒரு விஷயத்தை வீட்டில் எல்லோருக்கும் புரிகிற மாதிரி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எஸ்.சி. மாணவர்களுக்கான தொகையில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம். அது நேராக மாணவர் வங்கிக் கணக்கில் விழுகிறது. அதில் பெரும்பகுதி கல்லூரிக்குக் கட்ட வேண்டிய கட்டணம். பிப்ரவரியில் திடீரென்று கணக்கில் பணம் வந்ததும் அண்ணன் கல்யாணக் கடனுக்கோ, ஆஸ்பத்திரிச் செலவுக்கோ போய்விடுகிறது. பிறகு ஹால் டிக்கெட் வாங்க முடியாமல் நிற்கிறார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, வீட்டில் அவ்வளவு நெருக்கடி இருக்கும். பணம் வந்த அன்றே கல்லூரிக்குக் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். படிப்புப்படி என்று தனியாக வருகிற தொகைதான் உங்கள் கைச்செலவுக்கு.

சேர்க்கையின்போது எஸ்.சி., எஸ்.டி. மாணவரிடம் முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்கிற கல்லூரிகள் இருக்கின்றன. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்கி, அதைக் கல்லூரி முதல்வருக்குக் காட்டினால் பெரும்பாலும் பேச்சு மாறும்.

பர்கூர், கடம்பூர் மலைப் பிள்ளைகளுக்கு இங்கே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலையாளி மக்கள் சேலம், நாமக்கல் மலைகளில் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். அதே மக்கள் ஈரோடு மாவட்ட மலைகளில் பட்டியலில் இல்லை. ஏற்காட்டில் இருக்கும் அத்தை மகளுக்கு எஸ்.டி. சான்றிதழ் உண்டு, பர்கூரில் இருக்கும் மாமன் மகளுக்கு இல்லை. பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற நியாயம் இது. அது வரும்வரை உங்கள் படிப்பு காத்திருக்க முடியாது. சாதிச் சான்றிதழ் கேட்காத வழிகளை, அதாவது மதிப்பெண்ணையும் வருமானத்தையும் பெற்றோர் தொழிலையும் பார்த்துத் தருகிறவற்றைக் குறிவையுங்கள். அடுத்து வருவது அவைதான்.

மதிப்பெண்ணுக்கு வருவது

நல்ல மதிப்பெண் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) முதுகலைத் தேசிய உதவித்தொகை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. மாதம் 15,000 ரூபாய், வருடத்துக்குப் பத்து மாதம், இரண்டு வருடம். நாடு முழுவதும் 10,000 பேருக்கு. அதில் 30 சதவீதம் பெண்களுக்கு. இளங்கலை மதிப்பெண்தான் அளவுகோல். முழுநேர, ரெகுலர் முதுகலையில் முதல் ஆண்டு படிக்க வேண்டும், வயது 30-க்குள் இருக்க வேண்டும். அஞ்சல்வழி, தொலைதூரக் கல்வி செல்லாது. போட்டி கடுமைதான். ஆனாலும் 80 சதவீதத்துக்கு மேல் எடுத்த பெண்பிள்ளைகள் விண்ணப்பிக்காமல் விடவே கூடாது. இரண்டு வருடத்தில் 3 லட்சம் ரூபாய், எம்.எஸ்.டபிள்யூ. செலவு முழுவதும் அதில் முடிந்துபோகும்.

பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இளங்கலையில் மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அதை முதுகலையிலும் புதுப்பிக்கலாம். இளங்கலையில் வருடம் 12,000 ரூபாயாக இருந்தது முதுகலையில் 20,000 ஆகும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். முதுகலையில் புதிதாகச் சேர முடியாது. ஆகவே பி.ஏ., பி.எஸ்சி. முதல் வருடத்தில் தம்பி தங்கை யாராவது இருந்தால் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

இவை இரண்டும் தேசிய உதவித்தொகை இணையதளம் வழியாகத்தான். அங்கே முதலில் ஒருமுறைப் பதிவு செய்ய வேண்டும். ஆதாரோடு முகச் சரிபார்ப்பும் கேட்கும். நீங்கள் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். கல்லூரியில் இதற்கென்று ஒரு பொறுப்பாளர் இருப்பார். அவர் உள்ளே போய்ச் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் விண்ணப்பம் உயிரோடு இருக்கும். அவருக்குத் தனிக் கடைசி நாள் உண்டு. சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர் யார், எந்த அறை என்று கேட்டு, நேரில் போய் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். நிலையைப் பார்க்கும்போது 'குறை' என்று காட்டினால் திருத்தி மறுபடி அனுப்பலாம். 'நிராகரிப்பு' என்று வந்துவிட்டால் அந்த வருடத்துக்கு அவ்வளவுதான். அதனால் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு அரசு உதவித்தொகை வாங்க முடியாது என்பது பொதுவான விதி. இரண்டுக்கும் தகுதி இருந்தால் கணக்குப் போட்டுப் பார்த்துப் பெரியதைத் தேர்ந்தெடுங்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 40 சதவீத ஊனச் சான்றிதழின் பேரில் மத்திய அரசிலும், மாநில மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிலும் தனித்தனி உதவித்தொகைகள் இருக்கின்றன. விண்ணப்பிக்கும் முன் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அம்மா அப்பா செய்யும் வேலையில் இருந்து

இதைத்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் ரொம்பவும் கவனிக்காமல் விடுகிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் அம்மா செக்கிங் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வருடக் கடைசிச் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். தொழிலாளர் நல நிதி என்று ஒரு சின்னத் தொகை பிடித்திருப்பார்கள். அப்படிப் பிடித்திருந்தால், தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியத்தின் கல்வி உதவித்தொகைக்கு அந்தத் தொழிலாளியின் பிள்ளை விண்ணப்பிக்கலாம், முதுகலைக்கும் உண்டு. மில், தோட்டத் தொழில், மோட்டார் போக்குவரத்து, கடை என்று எல்லாமே இதில் வரும். மாதச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. விண்ணப்பத்தில் கம்பெனியின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும் என்பதால் அம்மாவை ஹெச்.ஆர். அறைக்கு ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள்.

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள், தையல்காரர்கள், கட்டட வேலைக்குப் போகும் சித்தாள், கொத்தனார், வாடகை வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் நல வாரியங்கள் இருக்கின்றன. பிள்ளைகளின் பட்டமேற்படிப்புக்கு உதவி அந்த வாரியங்களில் உண்டு, விடுதியில் தங்கிப் படித்தால் கூடுதல். பதிவு நடப்பில் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அட்டை பீரோவில் இருக்கும், புதுப்பித்து வருடங்கள் ஆகியிருக்கும். இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

வெள்ளாமை பார்க்கிற குடும்பமாக இருந்தால் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம். நன்செய் 2.5 ஏக்கர், புன்செய் 5 ஏக்கர் வரை வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிகளும் விவசாயக் கூலிகளும் உறுப்பினராக இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி கிடைக்கும். தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார் என்று தனியாக ஒருவர் இருப்பார், அவரிடம்தான் போக வேண்டும். இந்த வாரியத் தொகைகள் எல்லாம் பெரியவை அல்ல, சில ஆயிரங்கள்தான். களப்பணிச் செலவுக்கு அந்தச் சில ஆயிரங்கள் எவ்வளவு பெரியவை என்பது பின்னால் தெரியும்.

சான்றிதழும் வங்கிக் கணக்கும்

வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று படி ஏறி வர வேண்டும். ஒரு வருடம்தான் செல்லும். மே மாதத்தில் எடுத்தால் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் வங்கிக்கும் அதுவே போதும். ஜூலையில் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது வி.ஏ.ஓ.வைப் பிடிப்பது கஷ்டம்.

இனிஷியல். இதில் எத்தனை பணம் சிக்கிக்கொள்கிறது! பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'சு. கவிதா', ஆதாரில் 'கவிதா சுப்பிரமணி', வங்கியில் 'கவிதா எஸ்'. மனிதருக்கு இது ஒரே ஆள் என்று தெரியும், கணினிக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதைப் போலவே ஆதாரையும் வங்கியையும் மாற்றிவிடுங்கள். சேர்க்கைக்கு முந்தைய விடுமுறையில் செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்து, கணக்கில் ஆதார் இணைப்பு. "எனக்கு ஆதார் லிங்க் ஆயிருக்குங்க்கா" என்பார்கள். எந்த வங்கியோடு என்று கேட்டால் தெரியாது. பள்ளியில் படிக்கும்போது ஊர்க் கூட்டுறவு வங்கியில் ஒரு கணக்கு, இளங்கலையில் கல்லூரி சொன்ன வங்கியில் ஒரு கணக்கு, தபால்காரர் வீட்டுக்கு வந்து திறந்து கொடுத்தது ஒன்று. அரசுப் பணம் நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்குக்கு வராது. ஆதார் எண்ணோடு கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டிருக்கிறதோ அந்தக் கணக்குக்குப் போகும். போன வருடம் என்னிடம் களப்பணிக்கு வந்த ஒரு பையன், உதவித்தொகையே வரவில்லை என்று மாதக்கணக்கில் கல்லூரி ஆபீஸுக்கும் நல அலுவலகத்துக்கும் நடந்துகொண்டிருந்தான். உட்கார வைத்து ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைத் திறந்து பார்த்தோம். தபால் வங்கியின் பெயர் வந்தது. அந்தக் கணக்கு இருப்பதையே அவன் மறந்துவிட்டிருந்தான். தபால் ஆபீஸுக்குப் போய்ப் பார்த்தால் முழுப்பணமும் அதில் பத்திரமாகக் கிடந்தது. இரண்டு நிமிட வேலை, செல்போனிலேயே பார்க்கலாம். கணக்கு முடங்கிக் கிடந்தால்தான் பணம் திரும்பிப்போகும். அதனால் இணைந்திருக்கிற கணக்கில் நூறு ரூபாயாவது போட்டு எடுத்து நடப்பில் வைத்திருங்கள்.

கல்விக்கடன்

கடன் என்றாலே நம் வீடுகளில் அப்பாமார் முகம் சுருங்கும். கந்துவட்டிக்காரரிடம் வாங்கும்போது சுருங்காத முகம் வங்கியில் ஏன் சுருங்க வேண்டும் என்று நான் அவர்களிடமே கேட்பேன். கல்விக்கடனில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் தேவையில்லை, பெற்றோர் கூட்டுக் கையெழுத்து போதும். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். அதன் பிறகு கட்டி முடிக்க 15 வருடம் வரை அவகாசம் உண்டு.

2024 நவம்பரில் அறிவித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேசியத் தரவரிசைப் பட்டியலில் முன்னணியில் இருக்கும் நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேர்ந்தால் அடமானமும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்து வேறு அரசு உதவித்தொகை வாங்காதவர்களுக்கு, 10 லட்சம் வரையான கடனில் தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டிச் சலுகையும் தருகிறார்கள். வருடத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு. கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி, பாரதியார் பல்கலைக்கழகம், எட்டிமடை அமிர்தா ஆகியவை அந்தத் தரவரிசைகளில் தொடர்ந்து இடம்பிடிப்பவை. நீங்கள் சேரும் கல்லூரி அந்த வருடப் பட்டியலில் இருக்கிறதா என்று வித்யாலட்சுமி இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். சிறுபான்மையினர் குடும்பங்களுக்கு டாம்கோவின் (தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின்) குறைந்த வட்டிக் கல்விக்கடன் உண்டு.

வங்கி மேனேஜர் கட்டாயம் கேட்பார்: "இது படிச்சா என்னம்மா வேலை கிடைக்கும்?" எஞ்சினியரிங், நர்சிங் என்றால் இந்தக் கேள்வி வராது. தயங்காமல் பதில் சொல்லுங்கள். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-வது பிரிவு சொன்னது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அந்த எண் 250. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூரைச் சுற்றி எத்தனை மில்லும் ஏற்றுமதி நிறுவனமும் இருக்கின்றன என்பது மேனேஜருக்கே தெரியும், அவருடைய வாடிக்கையாளர்களே அவர்கள்தான். அதோடு ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூகப்பணியாளர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஆலோசகர் பணிகள், தொண்டு நிறுவனங்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். உங்கள் கல்லூரியில் போன வருடம் முடித்தவர்கள் எங்கே வேலையில் சேர்ந்தார்கள் என்ற விவரத்தைத் துறையில் வாங்கிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

கடன் தொகையைக் கணக்கிடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். கல்விப் பயணம், புராஜெக்ட் போன்று படிப்பை முடிக்கத் தேவையான செலவுகளையும் கல்விக்கடனில் சேர்க்கலாம். ஆகவே கல்லூரியிடம் கட்டண மதிப்பீட்டுக் கடிதம் வாங்கும்போது களப்பணி, கிராம முகாம், தொடர் களப்பயிற்சிச் செலவுகளையும் தனி வரிகளாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். கடிதத்தில் இல்லாததற்கு வங்கி பணம் தராது.

களப்பணிச் செலவு

எம்.ஏ.வுக்கும் எம்.எஸ்.டபிள்யூ.வுக்கும் வித்தியாசம் இங்கேதான். வாரத்தில் இரண்டு நாள் வெளியே போக வேண்டும். ஒரு கிராம முகாம், கடைசியில் ஒரு மாதத் தொடர் பயிற்சி. பஸ் டிக்கெட், வெளிச்சாப்பாடு, ஒவ்வொரு வாரமும் அறிக்கைக்குப் பிரின்ட், செல்போன் டேட்டா, முகாமுக்குக் கட்ட வேண்டிய பணம். இதற்கென்று எந்த உதவித்தொகைப் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது. வார நாட்களில் பகுதிநேர வேலைக்கும் நேரம் இருக்காது. மூன்றாவது செமஸ்டரில் நின்றுபோகிறவர்கள் பெரும்பாலும் கட்டணத்தால் நிற்பதில்லை, இந்தத் தினச் செலவில்தான் நிற்கிறார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. களப்பணி இடம் ஒதுக்கும்போது டவுன் பஸ் போகிற இடமாகக் கேளுங்கள். மஃப்சல் பஸ் என்றால் காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். துறைத்தலைவரிடம் இதைச் சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டாம். சமூகப்பணி சொல்லித்தருகிறவர்களுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? தவிர, களப்பணிக்குப் போகும் நிறுவனத்தில் பயணப்படி உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். எங்களைப் போன்ற சின்ன நிறுவனங்கள்கூட மதியச் சாப்பாடும் பஸ் காசும் தருகின்றன. கேட்காதவர்களுக்குத் தரத் தோன்றாமல் போவதுண்டு.

தங்குவதற்கு அரசு விடுதி. 2025 ஜூலையில் இருந்து இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர். தங்கலும் சாப்பாடும் இலவசம், முதுகலை மாணவர்களும் சேரலாம். பல விடுதிகள் கல்லூரிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. தனியார் விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் மாவட்ட ஆட்சியர் வளாகத்தில் இருக்கும் நல அலுவலகத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பணம் வரும்வரை

எல்லா உதவித்தொகையும் தாமதமாகத்தான் வரும். ஜூலையில் சேர்ந்தால் முதல் ரூபாயைப் பார்க்கப் பொங்கல் தாண்டிவிடும் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். அந்த இடைவெளிக்குத்தான் அறக்கட்டளைகளும் ஊர்க்காரர்களும் உதவ வேண்டும். நம் பக்கத்தில் மில் குடும்பங்களின் அறக்கட்டளைகள், சமுதாயச் சங்கங்கள், ரோட்டரி, லயன்ஸ் என்று கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கம் போதும். குடும்பக் கஷ்டத்தை நீட்டி எழுதுவதைவிடத் தொகையையும் தேதியையும் தெளிவாக எழுதுவது பலன் தரும். என்னிடம் வருகிறவர்களுக்கு இப்படித்தான் எழுதிக் கொடுப்பேன்: "ஐயா, நான் எம்.எஸ்.டபிள்யூ. முதலாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டாம் செமஸ்டர் கட்டணத்தில் 12,000 ரூபாய் குறைகிறது. ஜனவரி 10-க்குள் கட்ட வேண்டும். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்த ரசீதை இணைத்திருக்கிறேன். பணத்தைக் கல்லூரிக் கணக்கிலேயே செலுத்தினால் போதும்." கடைசி வரி முக்கியம், கொடுக்கிறவர் மனசுக்கு நம்பிக்கை வரும்.

எச்.டி.எஃப்.சி. வங்கியின் பரிவர்த்தன், எஸ்.பி.ஐ. அறக்கட்டளையின் ஆஷா போன்ற நிறுவன உதவித்தொகைகள் முதுகலைக்கும் உண்டு, இணையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கப் பணம் கட்டச் சொல்லி யாராவது வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் அது மோசடி. உண்மையான உதவித்தொகைக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது.

கல்லூரி முதல்வருக்கும் ஒரு கடிதம் கொடுங்கள், கட்டணத்தைத் தவணையாகப் பிரித்துத் தரும்படி. பழைய மாணவர் சங்க நிதி ஒன்று பல கல்லூரிகளில் சத்தமில்லாமல் இருக்கிறது. எம்.எஸ்.டபிள்யூ. துறையின் மூத்த மாணவர்களைக் கேட்டால் தெரிந்துவிடும்.

இரண்டாம் வருடம் எல்லாவற்றையும் புதுப்பிக்க வேண்டும், தானாக வராது. முதல் வருட மதிப்பெண் பட்டியல், வருகைச் சான்று, புது வருமானச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். ஏப்ரல் பரீட்சை முடிந்து ஊருக்கு வந்த வாரத்திலேயே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். அரியர் இருந்தால் சில உதவித்தொகைகள் நின்றுவிடும். நவம்பர் பரீட்சையில் ஏதாவது போயிருந்தால் அதை ஏப்ரலுக்குள் எழுதி முடியுங்கள். இரண்டாம் வருடத்தில் இருக்கும்போதே கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சிக்குமான யு.ஜி.சி. நெட் தகுதித் தேர்வும் எழுதலாம். சமூகப்பணிப் பாடத்தின் எண் 10. அதில் முன்னணி மதிப்பெண்ணுக்குத் தரும் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) கிடைத்துப் பி.எச்டி. சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை உண்டு.